சொற்றொடரும் சொல்லப்பட்டதும்: லிண்ட்பெக்கின் கோட்பாட்டு விளக்கம் பற்றிய ஒரு திறனாய்வு

ஜார்ஜ் லிண்ட்பெக் எழுதி 1984இல் வெளிவந்த ‘கோட்பாட்டின் இயல்பு’ என்னும் நூல், அளவிற் சிறியதாயினும், இறையியல் கல்லூரிகளில் இன்றளவும் வாதிக்கப்பட்டு வருவது. திருச்சபையின் கோட்பாடுகள் எத்தகையவை, அவை என்ன செய்கின்றன என்னும் வினாவை அது புதிய முறையில் எழுப்பிற்று. அந்நூலின் எல்லாப் பகுதிகளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதன் அடித்தளத்தில் அமைந்துள்ள ஒரே ஒரு பொருளை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறோம். அது ஒரு வாக்கியத்திற்கும் அவ்வாக்கியத்தால் சொல்லப்படுவதற்கும் உள்ள உறவு. இவ்விரண்டையும் லிண்ட்பெக் போதிய அளவு வேறுபடுத்திக் காணவில்லை என்பதும், அதனால் தாம் கொடுக்க வேண்டியிராத ஒரு விலையை அவர் கொடுக்க நேர்ந்தது என்பதும் நாம் நிறுவ முயலும் முடிபுகளாம்.

இஃது அளவையியலார் தமக்குள் வாதிட்டு மகிழும் நுண்பொருள் என்று வாசகர் ஒதுக்கிவிடலாகாது. விசுவாசப் பிரமாணத்தை ஞாயிறுதோறும் சபையோடு சேர்ந்து சொல்லும் ஆயர், அதன் சொற்களைக் காக்கிறாரா, அச்சொற்களால் சொல்லப்பட்டதைக் காக்கிறாரா? திடப்படுத்தல் வகுப்பில் ஞானோபதேசத்தைப் பிழையின்றி ஒப்பிக்கும் சிறுவன் எதைக் கற்றுக்கொண்டான்? ‘கிறிஸ்துவே ஆண்டவர்’ என அறிக்கையிட்டுவிட்டு அயலானை ஒடுக்குகிறவன் சொன்னது மெய்யா, பொய்யா? இவ்வினாக்கள் யாவும் அந்த ஓர் உறவையே சுற்றி நிற்கின்றன.

1. வாக்கியம், எடுப்பு, செயல்

அளவையியல் நூல்கள் முதல் இயலிலேயே ஒரு வேறுபாட்டைக் கற்பிக்கின்றன. வாக்கியம் என்பது ஒரு மொழிக்குரிய சொற்களின் தொடர். எடுப்பு என்பது மெய் அல்லது பொய் எனத் தக்கதாய் அவ்வாக்கியத்தால் சொல்லப்படுவது. வினா, ஏவல், வேண்டுதல், வியப்பு ஆகியவற்றைக் கூறும் வாக்கியங்கள் எடுப்புகளை உரைப்பதில்லை. ஆகவே சங்கீதப் புத்தகத்தின் முறையீடுகளையும் வேண்டுதல்களையும் எடுப்புகளின் தொகுதி எனக் கொள்வது முதலிலேயே பொருந்தாது. மெய் பொய் கூறத்தக்க வாக்கியங்களிலும் வாக்கியமும் எடுப்பும் ஒன்றல்ல என்பதைச் சில சான்றுகளால் காணலாம்.

‘நான் இச்சபையின் ஆயர்’ என்னும் வாக்கியத்தை ஆயர் சொன்னால் மெய். கோயிற்பிள்ளை சொன்னால் பொய். சொற்கள் மாறவில்லை, சொல்லப்பட்டது மாறிற்று. பி. எஃப். ஸ்ட்ராசன் 1950இல் எழுதிய ‘சுட்டுதல் பற்றி’ என்னும் கட்டுரையில் பிரான்சின் அரசன் அறிவுடையவன் என்னும் வாக்கியத்தை எடுத்துக்காட்டினார். பதினான்காம் லூயியின் ஆட்சியில் ஒருவனும், பதினைந்தாம் லூயியின் ஆட்சியில் மற்றொருவனும் அதனைக் கூறின், வாக்கியம் ஒன்றாயினும் அவர்கள் ஒரே ஆளைப் பற்றிப் பேசவில்லை. ஆகவே மெய்யும் பொய்யும் வாக்கியத்திற்கு உரியன அல்ல, அதனைக் கையாளுவதில் எழுவன என்றார் அவர்.

இதன் மறுபக்கத்தை ஜெர்மானிய அறிஞர் கோட்லோப் ஃப்ரேகே ‘எண்ணம்’ என்னும் தம் 1918ஆம் ஆண்டுக் கட்டுரையில் காட்டினார். ‘இன்று’ என்னும் சொல்லால் ஒருவன் ஒரு நாளில் கூறியதையே மறுநாள் கூற விரும்பினால், அவன் ‘நேற்று’ என்று சொல்ல வேண்டும். ‘இன்று ஞாயிற்றுக்கிழமை’ என்று நேற்றுச் சொன்னவன் அதே சொற்களை இன்றும் பற்றிக்கொண்டிருப்பானாகில், அவன் தான் சொன்னதில் நிலைத்திருக்கவில்லை, அதினின்று வழுவிவிட்டான். சொன்னதையே மீண்டும் சொல்ல வேண்டுமானால், சில வேளைகளில் சொல்லை மாற்றியே ஆகவேண்டும். இவ்வெளிய உண்மையை நாம் பின்னும் நினைவுகூர நேரிடும்.

இவ்விரண்டோடு மூன்றாவது ஒன்றையும் வேறுபடுத்தல் வேண்டும். எடுப்பை மனத்திற் கொள்ளுதல் வேறு, அதனை மெய்யென்று உறுதியாகக் கூறுதல் வேறு. ஃப்ரேகே 1879இல் வெளியிட்ட தம் குறியீட்டு அளவையியல் நூலில் உறுதியுரைக்கெனத் தனியானதொரு கோட்டினை அமைத்தது இதன் பொருட்டே. ‘மழை பெய்தால் ஆராதனை மண்டபத்தில் நடைபெறும்’ என்று கூறுகிறவர் மழை பெய்கிறது என்று கூறவில்லை. எனினும் மழை பெய்கிறது என்னும் எடுப்பு அவர் கூற்றினுள் இருக்கிறது. கத்தோலிக்க மெய்யியலாளரான பீட்டர் கீச் 1965இல் இதனை மீண்டும் வலியுறுத்தினார். ஓர் எடுப்பு ஓரிடத்தில் உறுதியாகக் கூறப்பட்டும், மற்றோரிடத்தில் அங்ஙனம் கூறப்படாமலும் வரலாம். ஆயினும் அது அதே எடுப்பேயாகும். அங்ஙனம் இல்லையேல் எந்த வாதமும் ஒரு முடிபுக்கு வர இயலாது.

எனவே மூன்றினை நாம் பிரித்துக் காண்கிறோம்: சொற்களாலான வாக்கியம், அதனால் சொல்லப்படும் எடுப்பு, அதனைச் சொல்லுவதால் ஒருவர் செய்யும் செயல். உறுதி கூறுதல், அறிக்கையிடுதல், எச்சரித்தல், துதித்தல் ஆகியவை செயல்கள். லிண்ட்பெக்கின் நூலை இம்மூன்றின் ஒளியில் வாசிப்போம்.

2. லிண்ட்பெக்கின் வினா

லிண்ட்பெக் 1923இல் சீனாவின் லோயாங் நகரில் லுத்தரன் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பின் சார்பில் பார்வையாளராக அமர்ந்தார். அதன் பின்னர் லுத்தரன்–கத்தோலிக்க உரையாடல்களில் நெடுங்காலம் உழைத்து, 2018இல் மறைந்தார். அவருடைய நூலின் வினா இவ்வனுபவத்தினின்று எழுந்தது. ஒரு காலத்தில் ஒன்றையொன்று மறுத்த கோட்பாடுகள் இன்று ஒத்துப்போகின்றன என்று இரு சபையாரும் கூறுகின்றனர். இருவரும் தத்தம் பழைய கோட்பாட்டைக் கைவிடவில்லை என்றும் கூறுகின்றனர். இஃது எங்ஙனம் கூடும்?

கோட்பாட்டைப் பற்றிய கொள்கைகளை அவர் மூன்றாக வகுத்தார். கோட்பாடு மெய்ப்பொருளைப் பற்றிய உண்மைகளை உரைக்கும் எடுப்பு என்பது முதற்கொள்கை. அஃது உள்ளத்து அனுபவத்தின் வெளிப்பாடு என்பது இரண்டாவது. சமயம் ஒரு மொழியையும் பண்பாட்டையும் போன்றது. கோட்பாடு அம்மொழிக்கு இலக்கணம் போன்றது என்பது மூன்றாவது. இம்மூன்றாவதே லிண்ட்பெக்கின் கொள்கை. இலக்கண விதி உலகைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. எப்படிப் பேச வேண்டும் என்று மட்டும் நெறிப்படுத்துகிறது. அங்ஙனமே நிசேயாவின் கோட்பாடும் பிதாவைப் பற்றியும் குமாரனைப் பற்றியும் எவ்வாறு பேச வேண்டும் என்பதை நெறிப்படுத்தும் விதி என்றார் அவர்.

முதற்கொள்கையை அவர் ஒதுக்குவதற்குக் காட்டும் தலையாய காரணம் நாம் கருதற்பாலது. கோட்பாடு எடுப்பாயின், ஒருமுறை மெய்யானது என்றும் மெய். ஒருமுறை பொய்யானது என்றும் பொய். அங்ஙனமாயின் முரண்பட்ட இரு கோட்பாடுகள் ஒத்துப்போவதற்கு இரு சபைகளில் ஒன்று தன் நிலையைக் கைவிட்டே தீரவேண்டும். உரையாடல்களில் நடந்தது அதுவன்று. ஆகவே எடுப்புக் கொள்கை உண்மை நிகழ்ச்சிகளை விளக்க வல்லதன்று என்பது அவர் வாதம்.

இவ்வாதம் எவ்விடத்தில் நழுவுகிறது என்பதை வாசகர் உணர்ந்திருப்பர். ஒருமுறை மெய்யான எடுப்பு என்றும் மெய்யே. ஆனால் முரண்பட்டனவாக வரலாற்றில் நம் கையில் கிடைப்பவை வாக்கியங்கள். முரண்பட்ட வாக்கியங்கள் முரண்பட்ட எடுப்புகளை உரைத்தே தீரும் என்று கொண்டாலன்றி லிண்ட்பெக்கின் முடிபு பெறப்படாது. திருச்சபையின் வரலாறோ அவ்வாறு கொள்ள இடந்தரவில்லை.

3. வரலாறு தரும் சான்று

‘ஹோமோஊசியோஸ்’, அதாவது ‘ஒரே தன்மையுள்ளவர்’ என்னும் சொல்லை நோக்குவோம். கி.பி. 268ஆம் ஆண்டளவில் சமோசாத்தாவின் பவுலைக் கண்டித்த அந்தியோகியா சங்கம் இச்சொல்லை மறுத்தது என்று நான்காம் நூற்றாண்டு ஆசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். 325இல் நிசேயா சங்கமோ அதே சொல்லைப் பிரமாணத்தில் அமைத்தது. எதிரிகள் இதனைச் சுட்டிக்காட்டியபோது, அங்கே மறுக்கப்பட்ட பொருள் வேறு, இங்கே ஏற்கப்பட்ட பொருள் வேறு என்று அத்தனாசியுவும் ஹிலாரியும் விடை கூறினர். சொல் ஒன்று, சொல்லப்பட்டவை இரண்டு.

இதற்கு எதிர்மாறான நிகழ்ச்சி 362இல் அலெக்சந்திரியாவில் நடந்தது. கடவுளில் மூன்று ‘ஹுப்போஸ்தாசிஸ்’ உண்டு என்று ஒரு சாராரும், ஒன்றே உண்டு என்று மற்றொரு சாராரும் கூறி ஒருவரையொருவர் ஐயுற்றனர். அத்தனாசியு தலைமையில் கூடிய சங்கம் வாக்கியங்களை எடைபோட்டுத் தீர்ப்பிடவில்லை. இரு சாராரையும் வினவிற்று. மூன்று என்போரை நோக்கி, நீங்கள் மூன்று கடவுளர் என்கிறீர்களா, ஒன்றுக்கொன்று அந்நியமான மூன்று பொருள்கள் என்கிறீர்களா என்று கேட்டது. இல்லை, திரித்துவம் பெயரளவில் மட்டுமன்று, மெய்யாகவே உண்டு என்கிறோம் என அவர்கள் விடையளித்தனர். ஒன்று என்போரை நோக்கி, சபெல்லியுவைப் போலக் குமாரனையும் ஆவியையும் இல்லாமற் செய்கிறீர்களா என்று கேட்டது. இல்லை, ‘ஹுப்போஸ்தாசிஸ்’ என்பதை ‘ஊசியா’ என்னும் பொருளிலே வழங்குகிறோம் என அவர்கள் விடையளித்தனர். சொல்லளவில் நேர்மாறான இரு வாக்கியங்களும் ஒரே விசுவாசத்தை உரைத்தன என்று இரு சாராரும் கண்டு, ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டனர்.

அச்சங்கம் கையாண்ட முறை நம் கவனத்திற்குரியது. ‘நீர் சொன்னதிலிருந்து இது பெறப்படுமா?’ என்பதே அதன் வினா. இரு வாக்கியங்களிலிருந்து ஒரே விளைவுகள் பெறப்படுமாயின் அவை ஒன்றையே சொல்லுகின்றன; விளைவுகள் வேறாயின் அவை வேறு. அளவையியல் கற்பிக்கும் சோதனை இதுவே. அலெக்சந்திரியாவில் கூடிய கண்காணிமார் திருச்சபையின் சமாதானத்திற்காக இதனைச் செய்து காட்டினர்.

அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்றுண்டு. 451இல் கூடிய கல்செதோன் சங்கத்தின் ‘இரு தன்மைகள்’ என்னும் வாக்கியமும், அதனை ஏற்காத கீழைச் சபைகளின் ‘ஒரே தன்மை’ என்னும் வாக்கியமும் பதினைந்து நூற்றாண்டுகளாகத் திருச்சபையைப் பிரித்து நின்றன. 1964இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் கூடிய இரு மரபினரின் இறையியலாளர்கள், சொற்கள் வேறாயினும் கிறிஸ்துவைப் பற்றிய விசுவாசம் ஒன்றே என்று கண்டனர். அவ்வுரையாடலில் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்த வி. சி. சாமுவேலும் பங்குபெற்றார். கல்செதோன் சங்கத்தை மறுஆய்வு செய்யும் அவர் நூலைச் சென்னைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் 1977இல் வெளியிட்டது. இரு மரபுகளுக்குமிடையே முழு ஐக்கியம் இன்னும் ஏற்படவில்லை. எனினும் கருத்து மாறுபாடு என்று எண்ணப்பட்டதில் பெரும்பகுதி சொல் மாறுபாடே என்பது அங்கு வெளியாயிற்று.

லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. நம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அக்கூட்டமைப்பின் உறுப்பாகும். பதினாறாம் நூற்றாண்டுக் கண்டனங்கள் இவ்வறிக்கையில் கூறப்பட்ட போதனையைத் தாக்கமாட்டா என்பதே அதன் சாரம். அக்கண்டனங்கள் பொய் என்று அது கூறவில்லை. அவை கண்டித்தது இதனை அன்று என்றே கூறுகிறது. வாக்கியத்தையும் எடுப்பையும் பிரித்துக் காணாதவர் இங்ஙனம் பேச இயலாது.

ஆகவே லிண்ட்பெக் விளக்க விரும்பிய அற்புதம், எடுப்புக் கொள்கையைக் கைவிடாமலே விளங்குகிறது. இதில் வியப்பென்னவெனில், நிசேயாவைப் பற்றி எழுதுமிடத்தில் அவரே இதற்கு மிக அருகில் வந்துவிடுகிறார். நிசேயாவின் கோட்பாட்டை அதன் கிரேக்கக் கருத்துருக்களிலிருந்து பிரித்தறிய வேண்டுமானால், சமமான விளைவுகளைத் தரும் வேறு சொற்களில் அதனைக் கூறிக் காட்டுவதே வழி என்று அவர் ஒத்துக்கொள்கிறார். சமமான விளைவுகளைத் தரும் வேறு வாக்கியங்கள் ஒரே எடுப்பை உரைப்பவை அல்லவோ? முன்வாசலில் விலக்கியதை அவர் பின்வாசலில் ஏற்றுக்கொண்டார் எனலாம்.

4. சிலுவைப்போர் வீரன்

இனி அந்நூலின் மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டுக்கு வருவோம். சிலுவைப்போர் வீரன் ஒருவன் ‘கிறிஸ்துவே ஆண்டவர்’ என்று முழங்கியவாறு மாற்றுச் சமயத்தானின் தலையைப் பிளக்கிறான். அவ்விடத்தில் அவ்வாக்கியம் பொய்யாகிறது என்கிறார் லிண்ட்பெக். கிறிஸ்துவின் ஆண்டகைமை, சொல்லுகிறவனின் விசுவாசத்தையோ அவிசுவாசத்தையோ சார்ந்ததன்று என்பதை அவர் மறுக்கவில்லை; பவுலும் லுத்தரும் அங்ஙனமே கருதினர் என்று வெளிப்படையாகக் கூறுகிறார். ஆனால் அவ்வுண்மையை உறுதியாகக் கூறுவதற்கு ஒரே வழி, அதற்கேற்ற வாழ்க்கைக்குத் தன்னை ஒப்புவிப்பதே. அங்ஙனம் செய்யாத வீரன் அவ்வுண்மையைச் சொல்லவேயில்லை என்பது அவர் கருத்து.

இக்கூற்றின் பின்னே நிற்கும் மனச்சான்றின் வலிமையை யாரும் மறுக்கவியலார். வாயினால் அறிக்கையிட்டுக் கைகளால் மறுதலிப்பவரைக் கண்டு நெஞ்சு நோகாதவர் இறையியல் எழுதத் தகுந்தவரல்லர். ஆயினும் அவ்வலிமையான உணர்ச்சி பிழையான அளவையியலில் வந்து முடிகிறது என்பது நம் துணிபு.

வீரனை நாம் எங்ஙனம் கண்டிக்கிறோம் என்பதை ஆராய்வோம். அவனிடம் நாம் சொல்லத்தக்கது இது: ‘கிறிஸ்து ஆண்டவராயின், பகைவரை நேசிக்கும்படி அவர் இட்ட கட்டளை உன்னைக் கட்டுப்படுத்தும். கிறிஸ்துவே ஆண்டவர் என்று நீயே கூறுகிறாய். ஆகவே உன் வாளை உறையிற் போடு.’ இவ்வாதத்தின் முதற் கூற்றில் கிறிஸ்துவின் ஆண்டகைமை ‘ஆயின்’ என்பதற்குள் வருகிறது, உறுதியாகக் கூறப்படவில்லை. இரண்டாம் கூற்றில் அதை உறுதியாகக் கூறுபவன் வீரன். இரண்டிடத்திலும் எடுப்பு ஒன்றாயிருந்தாலன்றி முடிபு பெறப்படாது. ஃப்ரேகேயும் கீச்சும் வற்புறுத்தியது இதையே. வீரன் வாயில் அவ்வாக்கியம் வேறொன்றைச் சொல்லுகிறது அல்லது ஒன்றையும் சொல்லவில்லை என்றால், நம் வாதம் ஒரே சொல்லை இரு பொருளில் ஆண்டு மயக்கும் போலியாய் முடியும். ‘நீங்கள் கூறும் ஆண்டவரை நான் அறிக்கையிடவில்லையே’ என்று அவன் நகைத்து அகன்றுவிடுவான்.

ஆகவே லிண்ட்பெக்கின் கொள்கை வீரனைக் கடுமையாகத் தண்டிப்பதுபோல் தோன்றினும், உண்மையில் அவனை விடுதலை செய்துவிடுகிறது. தான் சொன்னதற்கு மாறாக அவன் நடந்தான் என்று குற்றஞ்சாட்ட வேண்டுமானால், அவன் அதைச் சொல்லியிருக்க வேண்டும். மாயக்காரன் ஒருவன் இருப்பதற்கே மெய்யான எடுப்பு ஒன்று அவன் நாவில் இருந்தாக வேண்டும். சொல்லும் செயலும் முரண்படுகின்றன என்று கூறுவதற்குச் சொல் தன் பொருளில் நிலைத்து நிற்றல் அவசியம்.

திருமறை இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டுகிறது. லூக்கா 6:46இல் ஆண்டவர் தம்மை ஆண்டவரே என்று அழைத்தும் தாம் சொன்னபடி செய்யாதவர்களைக் கடிந்துகொள்ளுகிறார். அவர்கள் அழைத்தது பொய்யான பெயரால் என்று அவர் கூறவில்லை. அது மெய்யாயிருப்பதே அவர்களுடைய குற்றத்தின் கனம். மாற்கு 1:24-25இல் அசுத்த ஆவி இயேசு யாரென்பதைப் பிழையின்றிக் கூறுகிறது. அவரோ அதனைப் பேசாதிருக்கும்படி அதட்டுகிறார். கூறப்பட்டது மெய், கூறிய செயல் ஏற்கப்படவில்லை. யாக்கோபு 2:19இல் பிசாசுகளின் விசுவாசம் பேசப்படுகிறது. கடவுள் ஒருவரே என்னும் எடுப்பு பிசாசுகளின் உள்ளத்திலும் மெய்யே. அவை நடுங்குவதற்குக் காரணமும் அதுவே.

பரிசுத்த ஆவியினாலேயன்றி இயேசுவைக் கர்த்தர் என்று ஒருவனும் சொல்ல இயலாது என்னும் பொருள்பட 1 கொரிந்தியர் 12:3 கூறுகிறதே என்று ஒருவர் வினவலாம். அவ்வசனத்தைச் சொற்களை உச்சரிப்பதற்கு இடப்பட்ட தடையாகக் கொண்டால் அது மத்தேயு 7:21-23உடன் முரண்படும். அங்கே பலர் அங்ஙனம் அழைத்தும் புறம்பாக்கப்படுகின்றனர். பவுல் கூறுவது மெய்யான அறிக்கை என்னும் செயலைப் பற்றியது. அச்செயல் ஆவியானவரின் ஈவு. எடுப்பின் மெய்யோ அறிக்கையிடுவோரின் தகுதியால் உண்டாவதன்று.

5. இரு மறுப்புகள்

நாம் கூறியவற்றிற்கு எதிராக இரு மறுப்புகள் எழக்கூடும்.

முதலாவது மறுப்பு மெய்யியலாரிடமிருந்து வருவது. வாக்கியங்களை நாம் காண்கிறோம், கேட்கிறோம். எடுப்பு என்பது எங்கே உள்ளது? இரு வாக்கியங்கள் ஒரே எடுப்பைக் கூறுகின்றன என்பதற்கு உறுதியான அளவுகோல் யாது? அத்தகைய அளவுகோல் இல்லை என்றும், ஆகவே எடுப்புகளைப் பொருள்களாகக் கொள்ள வேண்டுவதில்லை என்றும் டபிள்யு. வி. குவைன் 1960இல் வெளிவந்த ‘சொல்லும் பொருளும்’ என்னும் நூலில் வாதித்தார். இதற்கு நாம் கூறும் விடை தாழ்மையானது. எடுப்புகள் வானத்தில் எங்கோ நிலைபெற்றுள்ளன என்று திருச்சபை அறிக்கையிட வேண்டுவதில்லை. ஒருவர் சொன்னதையே மற்றொருவர் ஏற்கவும், மறுக்கவும், அதிலிருந்து முடிபு காணவும் நாம் வல்லவராயிருத்தலே போதும். 362இல் நடந்தது அதுவே.

மொழிபெயர்ப்போர் நாடோறும் செய்வதும் அதுவே. மாற்கு 4:38இல் புயலில் அகப்பட்ட சீடர் தங்கள் அழிவைக் கூறி ஆண்டவரை எழுப்புகின்றனர். அங்குள்ள கிரேக்க வினைச்சொல் கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளுகிறதா, விலக்குகிறதா என்பதை அதன் வடிவம் காட்டாது. தமிழிலோ ‘நாம்’ என்றோ ‘நாங்கள்’ என்றோ எழுதியே ஆகவேண்டும். ‘நாம்’ என்றால் படகில் உறங்கும் ஆண்டவரும் அழிவோருள் ஒருவர். ‘நாங்கள்’ என்றால் அழிவு சீடருடையது மட்டும். இவ்விரண்டும் வெவ்வேறு எடுப்புகள். கிரேக்க வாக்கியத்தை மட்டும் எத்துணை நேரம் உற்று நோக்கினும் விடை கிடைக்காது. யார், யாரிடம், எந்நிலையில் பேசினார் என்பதை நோக்கி, சொல்லப்பட்டது எது என்று ஆராய்ந்தே மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ளுகிறார். எடுப்பு என்பதொன்று இல்லை எனில் அவருடைய உழைப்பு எதைத் தேடிற்று என்று கூற இயலாது.

இரண்டாவது மறுப்பு லிண்ட்பெக்கின் பக்கத்திலிருந்து வருவது. ‘ஆண்டவர்’ என்னும் சொல்லின் பொருளை நாம் இயேசுவின் கதையிலிருந்தும், பாடுபட்ட ஊழியரின் வாழ்வை நினைவுகூரும் சபையின் வழக்கிலிருந்தும் கற்கிறோம். அவ்வாழ்வுக்குப் புறம்பே நிற்பவன் அப்பொருளில் அதைச் சொல்வதெங்ஙனம்? இதில் உண்மை உண்டு. லிண்ட்பெக்கிடமிருந்து நாம் நன்றியுடன் கற்க வேண்டியதும் இதுவே. ஆனால் சொல்லின் பொருளை அமைப்பது சபையின் நெடுவழக்கு. ஒரு தனி மனிதனின் ஒரு வேளைச் செயல் அன்று. வீரன் எடுத்தாண்ட சொல் அவன் படைத்ததன்று, திருச்சபையிடமிருந்து பெற்றது. ஆகவே அது அவன் எண்ணியதைவிட மிகுதியாகச் சொல்லுகிறது. அவன் கையின் வாள் மனிதன் தலையைப் பிளக்கலாம். ‘ஆண்டவர்’ என்னும் சொல்லிலிருந்து சிலுவையைப் பிளந்தெடுக்க அதற்கு வலிமை இல்லை.

6. ஊழியத்திற்குரிய முடிபுகள்

இவ்வாராய்ச்சி ஒரு சாராரை மட்டும் திருத்துவதன்று. தெய்வ வெளிப்பாடு எடுப்புகளாலானது என்று வற்புறுத்துவோர் நம் நடுவில் உண்டு. கார்ல் ஹென்றி 1976 முதல் 1983 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட நூல் இக்கொள்கைக்குப் பெரும் அரணாக எண்ணப்படுகிறது. அக்கொள்கையைப் பின்பற்றுகிறவர்கள், தாங்கள் காக்கவேண்டியது எடுப்பென்றால், வாக்கியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதைக் காத்துவிட்டதாக எண்ணலாகாது. வேதாகமத்தின் புதிய மொழிபெயர்ப்பொன்று வெளிவரும்போதெல்லாம் சொல் மாறிற்று என்பதனாலேயே சத்தியம் மாறிற்று என்று அஞ்சுவது, எடுப்புக் கொள்கை உடையவர் செய்யத்தக்கதன்று. ‘இன்று’ என்பதை ‘நேற்று’ என மாற்றாதவன் சொன்னதையே இழந்துபோனான். புதிய மொழிபெயர்ப்பை நோக்கி அவர்கள் கேட்கவேண்டிய வினா, ‘பழைய சொல் எங்கே?’ என்பதன்று, ‘பழைய சொல்லிலிருந்து பெறப்பட்டவை யாவும் இதிலிருந்தும் பெறப்படுமா?’ என்பதே.

மறுபக்கத்தில், எடுப்புகள் உயிரற்றவை, அனுபவமும் வாழ்க்கையுமே போதும் என்போரும் உண்டு. அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மெய்யென்றும் பொய்யென்றும் கூறத்தக்கதைச் சொல்லாத திருச்சபையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதனைக் கொண்டு யாரையும் கடிந்துகொள்ளவும் முடியாது. தீர்க்கதரிசனம் ஊமையாகிவிடும்.

இஃது ஐரோப்பியச் சிலுவைப்போர் வீரனோடு நின்றுவிடும் செய்தியன்று. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, திருச்சபைக்குள் சாதி வேற்றுமைகளை உடனே முற்றிலும் விட்டொழிக்க வேண்டுமெனக் கட்டளையிட்டார். தஞ்சாவூர் முதலிய இடங்களில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் வேறொரு பிரமாணத்தைச் சொல்லவில்லை. பேராயர் சொன்ன அதே பிரமாணத்தையே சொன்னார்கள். ஒரே பரிசுத்த சபையையும் ஒரே கர்த்தரையும் அறிக்கையிட்ட அதே நாவுகள் தனி இருக்கைகளையும் கேட்டன. அவர்கள் வேறு பொருளில் சொன்னார்கள் என்று இன்று நாம் விளக்கம் கூறுவோமாகில், அவர்களுக்கும், அவர்கள் வழியே இன்று நடப்போர்க்கும் ஒரு புகலிடத்தைக் கட்டிக்கொடுப்போம். அவர்கள் சொன்னது திருச்சபை சொல்லுவதையே. அது மெய்யாகவே இருந்தது. அம்மெய்யே அவர்களுக்கு எதிரான சாட்சி.

ஆகவே ஆயரும் இறையியல் மாணவரும் மூன்று கடமைகளை வேறுவேறாகக் கருதிச் செய்தல் நலம். வாக்கியத்தைப் பொருத்தவரை, கேட்போருடைய மொழியில் அது இன்று என்ன சொல்லுகிறது என்று ஓயாது ஆராய்தல் வேண்டும். தேவைப்படின் மாற்ற அஞ்சலாகாது. எடுப்பைப் பொருத்தவரை, அதன் விளைவுகளை ஒன்றும் குறைக்காமல் சபைக்கு எடுத்துரைத்தல் வேண்டும். கேட்போர் விரும்பாத விளைவும் விளைவேயாம். செயலைப் பொருத்தவரை, நம் அறிக்கை அறிக்கையாக இருக்கும்படி ஆவியானவரின் அருளை வேண்டுதல் வேண்டும். ஞானோபதேசத்தை ஒப்பிக்கும் சிறுவனிடம், ‘இது மெய்யானால் நாளைக்கு நீ யாரோடு விளையாடுவாய், யாரோடு சேர்ந்து உண்பாய்?’ என்று ஆயர் ஒரு வினா கேட்பாராக. அவ்வினாவுக்கு விடை கூறுபவன் வாக்கியத்தைக் கடந்து எடுப்பை எட்டிவிட்டான். அவ்விடையின்படி அவன் நடக்குங்கால், லிண்ட்பெக் ஏங்கி நாடிய அறிக்கையும் அங்கே பிறந்துவிடும்.